முட்டுக்காட்டில் ஒரு நாள்: பழைய வீடுகளின் வரவும் பற்றும்



போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போய் வந்தோம். அன்று இரவே நம் வாட்ஸ்அப் குழுவில் நான்கு படங்கள் போட்டேன். மறுநாள் காலை லிஃப்டில் பார்த்த இரண்டு பேர், "என்ன சார், காரைக்குடிக்குப் போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்கள். "இல்லை, நம்ம ஈசிஆர்தான், ஒரு மணி நேரத்துல போயிடலாம்" என்றேன். இருவருமே நம்பவில்லை. இந்தக் கட்டுரை எழுத அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். வங்கியில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். வரலாற்றுப் பேராசிரியர்கள் நம் பி பிளாக்கில் இருக்கிறார்கள், அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தப் பதிவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. வரவு என்று ஓரிடத்தில் எழுதினால், இன்னோர் இடத்தில் பற்று எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் கணக்கு ஒத்துப்போகாது, வீட்டுக்குப் போக முடியாது. பழைய வீடுகளையும் அன்றைக்கு அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்த கதை

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். நான், என் மனைவி, மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி. அடையாறு, திருவான்மியூர் தாண்டி ஈசிஆரில் ஏறி, ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைக் கடந்து போனால், முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா.

பேத்தி டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுவிட்டாள். "மியூசியம்னா கண்ணாடிப் பெட்டி எங்க தாத்தா?" கண்ணாடிப் பெட்டி இங்கே கிடையாது. பத்து ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தெருத்தெருவாகப் பதினெட்டு வீடுகள். உள்ளே போகலாம், திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நின்று வானம் பார்க்கலாம். ஒரு பக்கம் குயவர் சக்கரம் சுற்றுகிறார், ஒரு பக்கம் தறி ஓடுகிறது, மரத்தடியில் கிளி ஜோசியம்.

இதை நடத்துவது மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன். அமெரிக்காவில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் திருமணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்த டெபோரா தியாகராஜன் 1984-இல் தொடங்கிய அமைப்பு. ஊர் ஊராகப் போனபோது, நல்ல வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதையும், தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போவதையும் அவர் பார்த்தார். காரைக்குடி போனவர்களுக்கு முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் தெரிந்திருக்கும். இடிக்கப்போகிற வீட்டை உடைமையாளரிடமிருந்து விலைக்கு வாங்குவது, பகுதி பகுதியாகப் பிரிப்பது, லாரியில் ஏற்றுவது, அந்தந்த ஊர்க் கொத்தனாரையும் தச்சரையும் வரவழைத்து இங்கே மறுபடியும் எழுப்புவது. இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. இடத்தின் அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர், இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர். வீடுகளைப் பெயர்த்துவந்து எழுப்பும் வேலையை முன்னின்று பார்த்தவர் பென்னி குரியகோஸ். 1996 டிசம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைக்கும் யோசனை சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் ஸ்டாக்ஹோம் நகரில் 1891-இல் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். அப்போது சுவீடனில் ரயிலும் ஆலையும் வந்து கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து அடுத்த எண்பது ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். போனவர்களின் வீடுகளை ஹசேலியஸ் சேர்த்தார். நம் நாட்டில் போபாலில் உள்ள இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகத்திலும் பழங்குடி மக்களின் வீடுகள் திறந்தவெளியில் இருக்கின்றன. எங்கே பார்த்தாலும் கதை ஒன்றுதான். ஆட்கள் வெளியேறிய பிறகுதான் வீடு அருங்காட்சியகத்துக்கு வருகிறது.

செட்டிநாட்டு வீடும் நம் தெரு வங்கியும்

தமிழ்நாட்டுத் தெருவில் எல்லோரும் முதலில் நிற்பது செட்டிநாட்டு வீட்டு வாசலில்தான். அந்தக் கதவைப் பார்த்துவிட்டு என் மகன், "அப்பா, இந்தக் கதவு விலைக்கு நம்ம ஃபிளாட்ல பாதி வாங்கலாம்" என்றான். பர்மா தேக்கு. தூணைக் கட்டிப்பிடிக்கப் பேத்தியின் கை போதவில்லை.

ஒரு முழுமையான செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நேர்கோட்டில் போகும். வளவைச் சுற்றி உள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கு ஒன்று. கல்யாணம் ஆனால் அந்தக் குடும்பம் தனிப் 'புள்ளி', தனிக் கணக்கு. ஒரே கூரையின் கீழ் இத்தனை தனிக் கணக்குகள் என்பது வங்கிக்காரனுக்குப் பிடித்த விஷயம்.

இந்தத் தேக்குக்கான பணம் எங்கிருந்து வந்தது? நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய்க் கடன் கொடுத்து வாங்கினார்கள். கீழ் பர்மாவில் காட்டைத் திருத்தி நெல் வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் அவர்கள். 1930 வாக்கில் உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-இல் அது சுமார் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணம், கிடைத்தது நிலம். வாராக் கடனுக்கு அடமானச் சொத்து கைக்கு வந்தால் அது லாபம் இல்லை என்பது வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. விடுதலைக்குப் பின் பர்மிய அரசு நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. வருமானம் நின்ற பிறகு இவ்வளவு பெரிய வீட்டுக்கு வெள்ளை அடிப்பதே பாரம். அப்படித்தான் தூண்கள் கடைவீதிக்கு வந்தன.

ஆக, அந்தத் தேக்குத் தூண் வரவுப் பக்கத்தில் நிற்கிறது. பற்றுப் பக்கத்தில் நிலத்தை இழந்த ஒரு பர்மிய விவசாயியும் இருக்கிறார், பிறகு எல்லாவற்றையும் இழந்து ஊர் திரும்பிய ஒரு செட்டியாரும் இருக்கிறார்.

இது ஏதோ தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, பலருடைய சேமிப்பு போனது. அதன் பிறகு, நம்மவர்களுக்கு நம்முடைய வங்கி வேண்டும் என்று 1907-இல் இந்தியன் வங்கி தொடங்கியபோது அதில் நகரத்தார் பணமும் உழைப்பும் உண்டு. அதன் தலைமை அலுவலகம் இன்று எங்கே? நம் ராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில். தினமும் வாக்கிங் போகும்போது கடந்து போகிறோம். 1937-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் கிளை திறந்தது. அந்த மூன்று ஊர்ப் பெயரையும் சேர்த்துப் படித்தாலே, முட்டுக்காட்டில் நிற்கிற அந்த வீட்டின் கதை வந்துவிடும்.

"உள்ள எனக்கு எடம் இல்ல"

அடுத்து திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த அக்ரஹார வீடு. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், வாசல் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, பின்னால் கொல்லை. வெயில் நேரத்திலும் உள்ளே ஜில்லென்று இருந்தது. நான் திண்ணையில் உட்கார்ந்து, "ஏசி இல்லாம எப்படி வாழ்ந்திருக்காங்க பாரு" என்று மருமகளுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன்.

என் மனைவிக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் ஊர். அவள் பிறந்தது அக்ரஹாரத்தில் இல்லை, ஆனாலும் வீட்டின் அமைப்பு ஏறக்குறைய இதுதான். நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் நேராகக் கொல்லைப்புறம் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தியிடம் சொன்னாள்:

"எங்க வீட்லயும் இந்த மாதிரி பின்னால ஒரு சாய்ப்பு இருந்துச்சு. மாசம் மூணு நாள் எனக்கு வீடு அவ்வளவுதான். மழை பெஞ்சாலும் அங்கதான். பத்தாவது பரீட்சைக்கு அங்க உக்காந்துதான் படிச்சேன், சிம்னி விளக்கு வச்சுக்கிட்டு."

"ஏன் ஆச்சி, உள்ள லைட் இல்லையா?"

"லைட் இருந்துச்சு. உள்ள எனக்கு எடம் இல்ல."

பேத்திக்கு முழுதாகப் புரிந்திருக்காது. மருமகளுக்குப் புரிந்தது. போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. அவள் சிம்னி விளக்கில் படித்துப் பத்தாவது பாஸ் செய்தது எனக்குத் தெரியும், எங்கே உட்கார்ந்து படித்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டதும் இல்லை.

அந்தக் கொல்லையைப் பற்றி எந்தப் பலகையிலும் இப்படி எழுதியிருக்க முடியாது. அது அருங்காட்சியகத்தின் குறை இல்லை. வீட்டைப் பிரித்துக் கொண்டுவரலாம். அதற்குள் இருந்தவர்கள் பேசினால்தான் மீதிப் பாதி வரும்.

விற்ற கதவு

தஞ்சாவூர் விவசாயி வீட்டுக்கு வந்தோம். இது என் முறை. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடும் இந்த வகைதான். ஓட்டுக் கூரை, திண்ணை, முற்றம், நெல் கொட்டி வைக்கப் பத்தாயம், கூடத்தில் ஊஞ்சல். அப்பா இறந்த பிறகு 1991-இல் நானும் என் அண்ணனும் அந்த வீட்டை விற்றோம். நான் என் பங்கை வைத்துத்தான் பின்னால் நம் குடியிருப்பில் முன்பணம் கட்டினேன். மனையை வாங்கியவருக்கு வீடு வேண்டாம், இடம்தான் வேண்டும். ஆகவே நிலைக் கதவு, நான்கு தூண், ஊஞ்சல் பலகை எல்லாவற்றையும் தனியாக ஒரு மர வியாபாரிக்குக் கொடுத்தோம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1983-இல். பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தினார்கள். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அப்பாவின் பங்கில் மட்டும் அவளுக்கு உரிமை உண்டு. அதையும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்தாள், கையெழுத்துப் போட்டாள், மத்தியான பஸ்ஸில் திருச்சிக்குப் போய்விட்டாள்.

அந்த முட்டுக்காட்டு வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டு அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கதவைக் காட்டினேன், தூணைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்:

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை நம்ம நிலைப்படிக்கு மஞ்சப் பூசினது நான்தான்டா தம்பி. வித்தது கூடப் பரவாயில்ல. விக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிருப்பேன்."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "சிக்னல் சரியில்ல அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து 1991 டைரியைத் தேடி எடுத்தேன். கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. "நிலை, கதவு, தூண் 4, ஊஞ்சல் பலகை: ரூ. 14,000. பாதி அண்ணன், பாதி நான்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அக்காவின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை.

அவள் பெயர் மட்டுமா? எங்கள் வயலில் வேலை செய்தவர்கள் ஒருநாளும் வாசல் வழியாக வீட்டுக்குள் வந்ததில்லை. சந்து வழியாகக் கொல்லைக்கு வருவார்கள். கூலி நெல்லை அங்கேதான் அளப்பார்கள். தஞ்சை ஜில்லாவில் 1952-லேயே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து இருபது வருடம் கழித்தும் எங்கள் கொல்லைச் சந்து அப்படியேதான் இருந்தது. என் அப்பா நல்லவர் என்று ஊரே சொல்லும். அவரும் அந்தச் சந்தை மாற்றவில்லை. முட்டுக்காட்டில் டிக்கெட் வாங்கிய யாரும் முன்வாசல் வழியாக நடந்து, எந்த அறைக்குள்ளும் போகலாம். அக்ரஹார வீட்டிலிருந்து குயவர் வீட்டுக்கு இரண்டு நிமிட நடை. அந்தக் காலத்தில் அது இரண்டு நிமிட தூரமாக இல்லை. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் இதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. நான் அன்றைக்குப் பேத்திக்குச் சொன்னேன். "அப்ப அவங்க இன்னிக்கு வந்தா எல்லா ரூமும் பாக்கலாம்ல?" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

மரம் வரும், சுண்ணாம்பு வராது

கேரளத் தெருவில் கோட்டயத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு இருக்கிறது. பெரும்பகுதி மரம். சுவரே பலகை. துளையில் முளையைச் செருகிப் பூட்டுகிற தச்சு வேலை. இப்படிப்பட்ட வீட்டைக் கட்டில் பிரிப்பது போலப் பிரித்து, எண் போட்டு, இன்னோர் ஊரில் பூட்டலாம்.

அங்கே நிற்கும்போதுதான் நம் ராயப்பேட்டை வீடுகள் ஞாபகம் வந்தன. நம் பேட்டையின் பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும். மாடித் தளம் 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கலைக் குத்தாக நிறுத்தி, சாய்வாக வரிசை பிடித்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் தட்டுவார்கள். அருமையான வேலை. ஆனால் இடித்தால் உத்திரமும் கதவும்தான் மிஞ்சும், மற்றதெல்லாம் லாரி லாரியாக ரப்பிஷ். முட்டுக்காட்டுக்கு அது வராது. மண் சுவரும் ஓலைக் கூரையும் போட்ட ஏழை வீட்டுக்கு இன்னும் மோசம். ஒரு மழைக்காலம் கவனிக்காவிட்டால் அதுவே கரைந்துவிடும். அங்கே உள்ள எளிய வீடுகளுக்கு அடிக்கடி மண் பூசிக் கூரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதைக் கட்டியவரின் பணமும் கட்டிய பொருளுமே முடிவு செய்துவிடுகின்றன.

நம் பகுதியில் மிஞ்சியவை என்ன? அமீர் மகால் நிற்கிறது, 1876 முதல் ஆற்காடு இளவரசர் குடும்பம் அங்கே வசிப்பதால். மணிக்கூண்டு நிற்கிறது. எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் இருந்த பழைய மெட்ராஸ் கிளப் கட்டடம் போய், 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது. நாமும் குடும்பத்தோடு அங்கே போய் எஸ்கலேட்டரில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறோம், குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. சாதாரண வீடுகள் எத்தனை போயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

நம் குடியிருப்பு நிற்கிற மனையிலும் முன்பு ஒரு வீடு இருந்தது. அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் உள்ள ஒரு வரிதான்: மேற்படி மனையும், அதில் உள்ள மெத்தை வீடும், கிணறும், இரண்டு தென்னை மரங்களும். என் கணக்குப்படி அந்தக் கிணறு இப்போது நம் சம்ப் இருக்கும் இடம். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், கிணற்றில் யார் தண்ணீர் இறைத்தார்கள், விற்றபோது யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை? பத்திரத்தில் இல்லை.

இப்போது நம் முறை

கடைசியில் சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். அடுத்த பொதுக்குழுவில் நம் கட்டடத்தின் மறுகட்டுமானம் பற்றிப் பேச இருக்கிறோம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொண்டால் போதும். அது நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. பைப்பெல்லாம் துருப்பிடித்து, லிஃப்ட் மாதம் ஒருமுறை நிற்கும்போது, இடிக்கலாம் என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் ஓட்டும் ஒருவேளை அந்தப் பக்கமே விழும்.

ஆனால் ஓட்டு யாருக்கு? பத்திரத்தில் பெயர் உள்ளவர்களுக்கு. பதினைந்து வருடமாக வாடகைக்கு இருப்பவர்களுக்கு இல்லை. மகன் பெயரில் உள்ள ஃபிளாட்டில் தினமும் பால்கனி துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மாவுக்கு இல்லை. கேட்டுக்குப் பக்கத்து அறையில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த நம் வாட்ச்மேன் குடும்பத்துக்கு இல்லை. 1991-இல் என் அக்காவுக்கு இல்லாத மாதிரி. அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்வோம். சட்டம் கேட்கச் சொல்லவில்லை என்பதற்காக, கேட்கக் கூடாது என்று இல்லையே.

இரண்டாவது, ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இந்த வீட்டில் நடந்த நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். யார் எழுதினாலும் சரி, பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சமையல் செய்ய வருபவர்கள் சொன்னாலும் நானே எழுதிக்கொள்கிறேன். பழைய படங்கள் இருந்தால் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். எல்லாவற்றையும் ஒரு ஃபைலாகக் கட்டி, ஒரு நகல் சங்க அலுவலகத்தில், ஒரு நகல் பென் டிரைவில். கட்டடம் இருந்தாலும் போனாலும் அது இருக்கும்.

என் மனைவி தன் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள். வரவுப் பக்கத்தில், "இந்த வீட்டில் எனக்குப் போகக் கூடாத அறை என்று ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாள். பற்றுப் பக்கத்தில் நான்கு வரி. நான்கும் என்னைப் பற்றியது. ஃபைலில் படித்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்கு அக்கா வருகிறாள். அவளை முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன். இந்த முறை முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிட்டேன். "பாக்கலாம்டா" என்றிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் தெருவில் நடப்பது கஷ்டம். தொப்பி, தண்ணீர் கட்டாயம். மூட்டு வலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம், வீட்டுக்கு வீடு திண்ணை உண்டு. கார் இல்லாதவர்கள் ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் போய் இறங்கிக்கொள்ளலாம். முக்கியமாக, வீட்டில் உள்ள பெரியவர்களை, குறிப்பாகப் பாட்டிமார்களை, அழைத்துப் போங்கள். அவர்கள் எந்த அறையில் போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பலகையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.